உறுமும் ஸ்பீக்கரும் பச்சைக் கம்பியும்

போனஸ் பணத்திலோ சீட்டு எடுத்த பணத்திலோ வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி வைப்பது இன்று தோட்டத்து வீடுகளிலும் சரி, பட்டணத்து அடுக்குமாடிகளிலும் சரி, அதிசயமான காரியமல்ல. சுவரில் அகலமான தொலைக்காட்சி, மூலைக்கு ஒன்றாகச் சின்ன ஸ்பீக்கர்கள், தரையில் ஊபர் என்று பிள்ளைகள் சொல்லும் பெரிய பெட்டி, நடுவில் ஆம்பிளிபையர். படம் போட்டால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. எல்லாம் சரி. படத்தை நிறுத்திவிட்டு, ஒலியைச் சற்றுக் கூட்டி வைத்து, அந்தப் பெட்டியின் அருகில் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா?

பல வீடுகளில் அப்போதுதான் அது கேட்கும். உறுமி மேளத்தில் குச்சியை இழுத்தால் வருமே, அதுபோல 'ம்ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஓர் ஓசை. சில வீடுகளில் வண்டு மாட்டிக்கொண்டதுபோல 'ஜ்ர்ர்ர்' என்ற இரைச்சல். இன்னும் சில வீடுகளில் ஐஸ்பெட்டி ஓடி நிற்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஓர் அடி. அடுப்படியில் பிளண்டர் சுற்றினால் கூடத்தில் கதாநாயகியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை பெட்டியின் குற்றமல்ல. வீட்டு மின்சாரத்தின் சத்தம்தான் பெட்டி வழியாக வெளியே வருகிறது. கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றி வாங்கி வந்தாலும் புதிய பெட்டியும் அதே இடத்தில் அப்படியே உறுமும். உறுமல் வெறும் தொல்லை. அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் அதை நிறுத்த நம்மவர்களிடையே ஒரு குறுக்கு வழி பரவியிருக்கிறதே, அது ஆளைக் கொல்லக்கூடியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் அறிவியலும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஆற்றுத் தண்ணீர்போல ஒரே பக்கமாக ஓடுவதில்லை. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விநாடிக்கு 50 முறை ஆடுகிறது. இதை 50 ஹெர்ட்ஸ் என்பார்கள். அமெரிக்காவில் 60. விநாடிக்கு 50 முறை அதிரும் எதுவும் மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுரமாகக் கேட்கும். உங்கள் வீட்டு உறுமல் அந்த ஊஞ்சலின் ஓசைதான்.

"அப்பா காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் இந்தச் சத்தம் வந்ததில்லையே" என்று சிலர் கேட்கலாம். உள்ளங்கை அகலமுள்ள அந்தப் பழைய ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஓசையை எழுப்பும் சக்தி கிடையாது. இன்றைய ஊபர் பெட்டியோ அந்தத் தாழ்ந்த ஓசைகளுக்கென்றே செய்யப்பட்டது. இடியையும் வெடியையும் தத்ரூபமாகக் காட்ட வேண்டும் என்று காசு கொடுத்து வாங்குகிறோம். அது மின்சாரத்தின் முனகலையும் அதே தத்ரூபத்தோடு காட்டிவிடுகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். படம் போடும் கருவியிலிருந்து ஆம்பிளிபையருக்குப் போகும் ஒலிச் சமிக்ஞை சுமார் 0.3 வோல்ட் மட்டுமே. கராவோக்கே பாடும் மைக்கிலிருந்து வருவதோ அதிலும் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். அதே அலமாரிக்குப் பின்னால், அதே கம்பிக் கூட்டத்துக்குள் 230, 240 வோல்ட் மின்சாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. யானை நடக்கும் பாதையில் எறும்பும் ஊர்வதுபோல! அந்த யானையின் மூச்சுக்காற்று சற்று உள்ளே நுழைந்தாலும் போதும், ஆம்பிளிபையர் அதையும் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். உள்ளே வந்ததைப் பெரிதாக்குவதுதான் அதன் வேலை; நல்லது கெட்டது அதற்குத் தெரியாது.

உறுமல் நுழையும் வழி

ஒரு வழி எளியது. மின்சாரக் கம்பியைச் சுற்றி எப்போதும் ஒரு காந்தப் புலம் ஆடிக்கொண்டிருக்கும். ஆடும் காந்தப் புலம் பக்கத்துக் கம்பியில் மின்சாரத்தை எழுப்பும் என்று மைக்கேல் பாரடே 1831-ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒலிக் கம்பியையும் மின்சாரக் கம்பியையும் ஒன்றாகச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, அலமாரிக்குப் பின்னால் திணித்து வைத்திருக்கிறீர்களே, அங்கே பாரடே தம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். பிரித்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். குறுக்கே போயே தீர வேண்டுமென்றால் சிலுவைபோலக் குறுக்காகப் போகட்டும். பக்கத்தில் பக்கமாக நீளத்துக்கு ஓட விடாதீர்கள்.

இன்னொரு வழிதான் பெரும்பாலான வீடுகளின் வினை. அதற்கு 'எர்த் லூப்' என்று பெயர். புரியும்படி சொல்கிறேன். ஒரு லயத்தின் இந்தக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அந்தக் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. இரண்டும் தரையில்தான் இருக்கின்றன. ஆனால் தரை அரை அங்குலம் மேடு பள்ளம். இரண்டையும் ஒரு குழாயால் இணைத்தால் என்ன ஆகும்? யாரும் பம்பு போடாமலேயே குழாயில் தண்ணீர் ஓடும். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆம்பிளிபையரின் மூன்று கால் பிளக் வழியாக அதன் இரும்புக் கூடு பூமியோடு சேர்ந்திருக்கிறது. அது ஒரு தொட்டி. கூரையில் தகரத்தோடோ இரும்புக் கம்பத்தோடோ முடுக்கப்பட்ட ஏரியல், தன் வழியில் பூமியோடு சேர்ந்திருக்கிறது. அது இன்னொரு தொட்டி. தொலைக்காட்சியிலிருந்து ஆம்பிளிபையருக்குப் போகும் ஒலிக் கம்பியின் வெளிப்பின்னல்தான் இரண்டையும் இணைக்கும் குழாய். பூமிக்குப் பூமி இருக்கும் மின்னழுத்த வித்தியாசம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆனாலும் அந்தப் பின்னலில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கசிந்து ஓடுகிறது. பாட்டும் அதே கம்பியில்தான் வருகிறது. இரண்டும் கலந்து ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருகின்றன.

சோதித்துப் பார்ப்பது சுலபம். உறுமல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தொலைக்காட்சியின் பின்னாலிருந்து ஏரியல் கம்பியைக் கழற்றுங்கள். உறுமல் அந்த நொடியே நின்றால் கள்ளன் அகப்பட்டான். நிற்கவில்லையா? ஒவ்வொரு ஒலிக் கம்பியாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எதைக் கழற்றியபோது நிற்கிறதோ அந்தக் கம்பி அந்த வளையத்தில் ஒரு கண்ணி. எல்லாவற்றையும் கழற்றி, ஆம்பிளிபையரில் ஸ்பீக்கர் மட்டும் இருக்கும்போதும் உறுமுகிறதென்றால் ஆம்பிளிபையருக்குள்ளேயே கோளாறு. பழைய பெட்டியாக இருந்தால் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம். அதைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

வெட்டப்பட்ட கம்பி

எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம். மூத்த பையன் ஜொகூரில் தொழிற்சாலை வேலை. தீபாவளிக்கு வரும்போது ஆசையாசையாய் ஒரு செட்டு வாங்கி வந்தான். ஆம்பிளிபையர், மைக், எல்லாம் இருந்தது. முதல் நாளே உறுமல். கூட வேலை செய்யும் சிநேகிதன் தொலைபேசியில் யோசனை சொன்னானாம்: "பிளக்கைத் திறந்து அந்தப் பச்சை வயரை வெட்டி விடுடா, சத்தம் நின்னுடும்." வெட்டினான். நின்றுவிட்டது. அந்த யோசனையின் பயங்கரமே அதில்தான் இருக்கிறது: அது பலிக்கிறது! பூமிக்கு இருந்த இரண்டு வழிகளில் ஒன்றை அறுத்துவிட்டால் வளையம் உடைந்து சத்தம் அடங்கிவிடும். பையன் ஊருக்குத் திரும்பிவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து அவன் தாயார் என்னைத் தேடி வந்தார். "வாத்தியாரே, பெட்டியத் தொட்டா கை சுர்ருங்குது. வீடு கழுவுறப்ப ரொம்பச் சுர்ருங்குது. புதுப் பெட்டி, கண்ணு பட்டிருக்குமோ?" என்று கேட்டார். போய்ப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக இருக்கும் கம்பி மடித்து, கறுப்பு டேப் சுற்றி, ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அந்த அம்மாள் ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்று ஈரத் துணியால் அந்தப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார், இரண்டு வாரமாக.

அவர் உணர்ந்தது சிறு கசிவு மட்டுமே. அதற்குமேல் ஒன்றும் நடக்காதது அந்தப் பெட்டி புதியது என்பதால்.

பச்சைக் கம்பி எதற்கு என்று இங்கே விளக்கிவிடுகிறேன். பிளக்கைத் திறந்தால் மூன்று கம்பிகள். பழுப்புக் கம்பியில் மின்சாரம் வருகிறது. நீலக் கம்பியில் திரும்புகிறது. பச்சை மஞ்சள் கம்பியில் சாதாரண நாளில் வேலையே இல்லை. அது கருவியின் இரும்புக் கூட்டைப் பூமியோடு பிணைத்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. என்றைக்காவது உள்ளே பழுப்புக் கம்பியின் உறை தேய்ந்தோ, எலி கடித்தோ, திருகு கழன்றோ கூட்டைத் தொட்டுவிட்டால், அன்றைக்குத்தான் அதற்கு வேலை. மின்சாரம் பச்சைக் கம்பி வழியாக வெள்ளம்போலப் பாயும். பிளக்கில் இருக்கும் பியூஸ் வெடித்து எல்லாம் அணைந்துவிடும். மனிதர் தொடுவதற்கு முன்னாலேயே ஆபத்து முடிந்துவிடுகிறது.

பச்சைக் கம்பி இல்லையென்றால் பியூஸ் எரியாது. விளக்கு எரியும், பாட்டுப் பாடும், எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் இரும்புக் கூட்டில் 230 வோல்ட் ஏறி உட்கார்ந்து, யாராவது தொடுவதற்குக் காத்திருக்கும். ஹோம் தியேட்டரில் இது இன்னும் மோசம். ஆம்பிளிபையரின் கூட்டோடு எல்லா ஒலிக் கம்பிகளின் பின்னலும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒரு பெட்டியில் ஏறிய மின்சாரம் கம்பி வழியாக அடுத்த பெட்டிக்கும், அதிலிருந்து கையில் பிடித்துப் பாடும் மைக்கின் இரும்பு உடம்புக்கும் போய்விடும்.

"பியூஸ்தான் இருக்கிறதே" என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் பியூஸ். அதாவது 13,000 மில்லி ஆம்பியர். மனித உடம்பில் சுமார் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினாலே கைத் தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போய்விடும். 30 மில்லி ஆம்பியர் சற்று நேரம் ஓடினால் இதயம் தாளம் தப்பக்கூடும். நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதன் மேல் வைத்தால் 230 மில்லி ஆம்பியர். பழைய 60 வாட்ஸ் குண்டு விளக்கு எரிய எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு குண்டு விளக்குக்குப் பியூஸ் எரியுமா?

இது ஏட்டுக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி, பிரிட்டனில் ஸ்வான்சி நகரத்து மேடையொன்றில் லெஸ்லி ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் முன்னிலையிலேயே இறந்தார். 1976-ஆம் ஆண்டு மே மாதம் கீத் ரெல்ஃப் என்ற பாடகர் தம் சொந்த வீட்டில், எர்த் சரியில்லாத மின்சாரக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். இருவரும் புகழ்பெற்ற இசைக் குழுக்களில் இருந்தவர்கள். கருவிகளோடு பழகாதவர்கள் அல்லர். நம் வீடுகளில் பிறந்தநாள் என்றால் ஐந்து வயதுக் குழந்தை கையிலும் மைக்கைக் கொடுத்துப் பாடச் சொல்கிறோம்.

ஆகவே வாசகர்களே, சத்தம் நிற்கட்டும் என்று பச்சைக் கம்பியை வெட்டாதீர்கள். மூன்று கால் பிளக்கில் எர்த் காலை உடைக்காதீர்கள். அப்படிச் செய்து தருகிறேன் என்று யார் வந்தாலும், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரியான வழிகள்

வளையத்தை உடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஒலி வரும் பக்கத்தில் உடைக்க வேண்டும், மின்சாரம் வரும் பக்கத்தில் கூடாது. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் காசில்லாத வைத்தியம். தொலைக்காட்சி ஒரு சுவரில், ஆம்பிளிபையர் இன்னொரு சுவரில், ஊபர் பெட்டி மூன்றாவது மூலையில் என்று வெவ்வேறு சுவிட்சில் செருகியிருந்தால், எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே நல்ல எக்ஸ்டென்ஷன் வயரில் கொண்டுவந்து செருகுங்கள். இரண்டு தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டால் மேடு பள்ளம் ஏது? பல வீடுகளில் உறுமல் இதோடு தீர்ந்துவிடும், அல்லது பாதியாகிவிடும். ஒரே வயர் தாங்குமா என்று பயப்பட வேண்டாம். 13 ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 3,000 வாட்ஸ். வீட்டுச் சினிமாச் சாமான்கள் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வாட்ஸ்தான் எடுக்கும். அதே வயரில் தண்ணீர்க் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் செருகினால்தான் சூடேறும். சிரிம் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கும் அடங்கவில்லை, ஏரியலைக் கழற்றினால் மட்டும் அடங்குகிறது என்றால், ஏரியல் கம்பியில் நடுவே போடும் ஐசோலேட்டர் என்ற சின்னச் சாமான் ஒன்று கிடைக்கிறது. படத்தின் சமிக்ஞையை விடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை விடாது. மேலே சொன்ன குடும்பத்துக்கு அதுதான் வாங்கிப் போட்டோம். பச்சைக் கம்பியை அதன் இடத்தில் திருகி முடுக்கிவிட்டு இதை மாட்டினோம், உறுமல் போயிற்று. ஆனால் ஆஸ்ட்ரோ தட்டுக் கம்பியில் இதைப் போடக்கூடாது. தட்டின் முனையில் இருக்கும் கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அதே கம்பி வழியாகத்தான் மேலே போகிறது. ஐசோலேட்டர் அதைத் தடுத்துவிட்டால் படமே வராது.

தட்டு வைத்திருப்பவர்களுக்கு அருமையான வழி ஒளிக் கம்பி. உங்கள் தொலைக்காட்சியின் பின்னால் 'ஆப்டிகல்' என்று எழுதிய சதுரத் துவாரம் இருக்கிறதா பாருங்கள். ஆம்பிளிபையரிலும் அதேபோல ஒன்று இருக்கும். 1983-ஆம் ஆண்டில் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்த முறை இது. இந்தக் கம்பியில் மின்சாரமே போவதில்லை. ஒலி, சிவப்பு வெளிச்சமாக மின்னி மின்னிப் போகிறது. வெளிச்சத்தில் உறுமல் எப்படி ஏறும்? தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுக் கம்பியின் மறுமுனையைப் பார்த்தால் சிவப்பு ஒளி தெரியும். தெரிந்தால் கம்பி நல்ல கம்பி. கூர்மையாக மடக்கினால் உள்ளே உடைந்துவிடும், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. எச்.டி.எம்.ஐ. கம்பி போட்டால் சரியாகிவிடும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். அந்தக் கம்பியிலும் உலோகப் பின்னல் உண்டு, ஆகவே வளையம் அப்படியே இருக்கும்.

ஊபர் பெட்டிக்குப் போகும் ஒலிக் கம்பியில் வளையம் இருந்தால் அதற்கென்று தனி ஐசோலேட்டர் உண்டு. மிக மலிவானதை வாங்காதீர்கள். உறுமலோடு சேர்த்து நல்ல அடித்தொனியையும் தின்றுவிடும்.

இரண்டு கால் பிளக் உள்ள கருவிகளைப் பற்றிப் பலர் கேட்பார்கள். அவற்றுக்கு எர்த் கிடையாது, வேண்டியதும் இல்லை. உள்ளே இரட்டை உறை போட்டுச் செய்திருப்பார்கள். பின்புறச் சீட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். அப்படிப்பட்ட பெட்டியின் உலோக ஓரத்தைப் புறங்கையால் தடவினால் லேசாகக் குறுகுறுக்கும். இரைச்சலை அடக்குவதற்காக உள்ளே வைத்திருக்கும் சிறு கப்பாசிட்டரின் கசிவு அது; அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதனால் தீங்கில்லை. ஆனால் மூன்று கால் பிளக் உள்ள எந்தச் சாமானும், அது ஆம்பிளிபையரோ ஐஸ்பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ, தொட்டால் சுர்ரென்றால் எர்த் அறுந்துவிட்டது என்று பொருள். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அதோடு ஒன்று. இரண்டு கால் பிளக்கை மூன்று துவாரச் சுவிட்சில் செருக, மேல் துவாரத்தில் பேனாவையோ குச்சியையோ விட்டு நெம்புவது நம் வீடுகளில் வெகு சாதாரணம். மேல் துவாரம்தான் எர்த். மூன்று கால் பிளக்கில் அந்தக் கால் மட்டும் நீளமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முதலில் நுழைந்து, கீழிரண்டு துவாரங்களின் கதவைத் திறக்கிறது. குழந்தைகள் கம்பியை விட்டுவிடக் கூடாதென்று 1947-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வகுத்த ஏற்பாடு. அந்தக் கதவை எப்படித் திறப்பது என்று நாமே குழந்தைகள் பார்க்கச் செய்து காட்டுகிறோம்! சில வெள்ளிக்கு அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

டப், ஜ்ர்ர், டிட் டிட்

மற்றச் சத்தங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவற்றால் உயிருக்கு மோசமில்லை.

ஐஸ்பெட்டியின் மோட்டாரை அணைக்கும்போது உள்ளே ஒரு சின்னத் தீப்பொறி பறக்கிறது. தீப்பொறி பறந்தால் வானொலி அலை பிறக்கும். ஹென்ரிக் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் தம் ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது இதைத்தான். 50 ஹெர்ட்ஸ் என்கிறோமே, அந்தப் பெயர் அவருடையது. உங்கள் வீட்டு 'டப்' அவருடைய பரிசோதனைதான். ஐஸ்பெட்டியையும் ஆம்பிளிபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள். லேப்டாப் கம்பியின் நுனியில் குண்டாக ஒரு முடிச்சு இருக்குமே, அது பெரைட் என்ற காந்தப் பொருள்; அதிவேக இரைச்சலை விழுங்கிவிடும். கம்பியில் கவ்விக்கொள்ளும்படியும் அது தனியாகக் கிடைக்கிறது. ஆம்பிளிபையருக்குள் நுழையும் கம்பிகளின் நுனியில் போட்டால் 'டப்' மெலிந்துவிடும்.

'ஜ்ர்ர்' என்ற வண்டுச் சத்தத்துக்குப் பெரும்பாலும் விளக்கைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுத் திருகு, மலிவான எல்.இ.டி. விளக்கு, பெயரில்லாத தொலைபேசி சார்ஜர் ஆகியவையே காரணம். எது என்று கண்டுபிடிக்கத் தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தேடி எடுங்கள். மத்திய அலைவரிசைப் பக்கம் திருப்பி, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, ஒலியைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். குற்றவாளிக்கு அருகே போகப்போக இரைச்சல் ஏறும். மோப்ப நாயை விடத் திறமையாக வேலை செய்யும்! பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு பள்ளி விடுமுறை நாள் போவதே தெரியாது.

பாட்டின் நடுவே 'டிட் டிட் டிட்' என்று கேட்டால் பக்கத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. 2ஜி முறையில் பேசும் தொலைபேசி விநாடிக்கு 217 முறை விட்டு விட்டு அலையை அனுப்புகிறது. ஆம்பிளிபையர் மேல் வைக்காமல் இரண்டு முழம் தள்ளி வையுங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைவது டிஜிட்டல் ஒளிபரப்பின் குணம். 2019-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதற்குமுன் தொல்லை வந்தால் படத்தில் பொரி விழும், கோடு ஓடும், ஆள் தெரிவார். இப்போது கொஞ்சம் தொல்லையென்றால் ஒன்றுமே தெரியாது. எல்லை தாண்டினால் படம் அப்படியே உறைந்துவிடும். மோட்டார் சைக்கிள் கிளப்பும்போதும் பிளண்டர் ஓடும்போதும் மட்டும் உடைந்தால், ஏரியலை வீட்டுக்கு வெளியே உயரத்தில் வைத்து, உறை நன்றாகப் பின்னிய புதுக் கம்பியைப் போடுங்கள். பத்து வருட மழையில் நனைந்த கம்பி கம்பியல்ல, அதுவே ஓர் ஏரியல்.

இடி இடிக்கும்போது மட்டும் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஏரியலை மறந்துவிடுகிறார்கள் பலர். மின்னல் அந்தக் கம்பி வழியாகவும் வரும். மேகம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்றுங்கள். தலைக்கு மேல் இடி வந்த பிறகு கம்பியைத் தொடாதீர்கள். பெட்டி போனால் போகட்டும்.

பழைய வீடுகளுக்கு ஒரு வார்த்தை

என் சிறு வயதில் தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம் ஓடத் தொடங்கி இரவில் நிறுத்தப்படும். வீட்டுக்கு இரண்டு விளக்கு, அதற்குத்தான் வயரிங். பிறகு நாள் முழுக்க மின்சாரம் வந்தது. காற்றாடி, ரைஸ் குக்கர், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. விளக்குக் கம்பியிலிருந்தே கிளை இழுத்துச் சுவிட்சு வைத்த வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சுவிட்சுக்கு மூன்று துவாரம் இருக்கும். மேல் துவாரத்துக்குப் பின்னால் கம்பியே இருக்காது. உங்கள் பிளக்கில் பச்சைக் கம்பி பத்திரமாக இருந்தும் பயனில்லை.

இதைத் தெரிந்துகொள்ள சாக்கெட் டெஸ்டர் என்று மூன்று சின்ன விளக்குள்ள பிளக் ஒன்று ஹார்ட்வேர் கடையில் விற்கிறது. செருகினால் எந்த விளக்கு எரிகிறது என்பதை வைத்து எர்த் இருக்கிறதா, கம்பி மாறியிருக்கிறதா என்று சொல்லிவிடும். ஒன்று வாங்கினால் லயம் முழுவதும் கைமாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். எர்த் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். அந்த எர்த் எவ்வளவு நல்லது என்று சொல்லாது. அதை உரிமம் பெற்ற வயர்மேன் மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அவர் வரும் நாளில் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுப் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் 'டெஸ்ட்' அல்லது 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு ஒரு சுவிட்சு இருக்க வேண்டும். மின்சாரம் தப்பான வழியில் கசிந்தால் கண் இமைப்பதற்குள் தானாக விழுந்து அணைக்கும் சுவிட்சு அது. அதன் மேல் 0.03 ஆம்பியர் என்றோ 30 மில்லி ஆம்பியர் என்றோ எழுதியிருந்தால் மனிதரைக் காப்பாற்றும் அளவு. 100 என்றிருந்தால் அந்த அளவுக்குப் போதாது, ஆம்பிளிபையரும் மைக்கும் செருகும் சுவிட்சுக்கு 30 உள்ளதைத் தனியாகப் போட்டுத் தரச் சொல்லலாம். பொத்தானை மாதம் ஒரு முறை பகல் வேளையில் நீங்களே அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று விழுந்து வீடு முழுவதும் அணைந்தால் சுவிட்சு உயிரோடு இருக்கிறது. கடிகாரத்தை மட்டும் மறுபடி சரி செய்ய வேண்டியிருக்கும். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டு மாற்றுங்கள். அதுவரை மைக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டி விடுங்கள்.